பணித்தளம் புறப்படும் முன்: கடற்கரை இளைஞருக்கான பயிற்சி, மொழிப்படிப்பு முழு வழிகாட்டி

தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வட மாநிலங்களிலுள்ள கிறிஸ்தவ ஊழியப் பணித்தளங்களுக்குப் போகத் தயாராகும் இளைஞர்களுக்காகவும், அவர்களை ஆயத்தப்படுத்தும் ஆயர்கள், பங்குத்தந்தையர், உபதேசியார்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அழைப்பு உண்டா இல்லையா என்ற பேச்சு இதில் இல்லை. அது முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்த ஒரு வருடத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

வரிசையை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து போய்ப் பாதியில் திரும்பியவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். பக்தி குறைந்து திரும்பியவர் அபூர்வம். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்தவர்களே அதிகம். பிரசங்கம் தயாரித்து முடித்த பிறகு மொழியைத் தொட்டார்கள். எழுத்துக் கற்ற பிறகு காதைத் தீட்டப் பார்த்தார்கள். ரயில் ஏறுகிற வாரத்தில் தடுப்பூசிக்கு ஓடினார்கள்.

1. விண்ணப்பத்துக்கு முன்: வீடும் கடனும்

முதல் வேலை வேதாகமப் பள்ளியில் இல்லை, வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. விசைப்படகுக் குடும்பமாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் பேச்சைத் தொடங்குங்கள். அப்பாவும் அண்ணன்மாரும் கரையில் இருப்பார்கள்; வலை பின்னிக்கொண்டே நிதானமாகக் கேட்பார்கள். கடலுக்குப் போகும் நாட்களின் அலைச்சலில் எடுத்த பேச்சு சண்டையில்தான் முடியும்.

மூன்று விஷயங்களை மழுப்பாமல் பேசி முடியுங்கள். மாத உதவித்தொகை எவ்வளவு வரும், அதில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும், அக்கா தங்கையின் கல்யாணச் செலவில் உங்கள் பங்கு என்ன. சம்மாட்டியிடமோ (படகு முதலாளி) வியாபாரியிடமோ உங்கள் பெயரில் முன்பணம் வாங்கியிருந்தால் அதை அடைக்காமல் கிளம்பாதீர்கள். நீங்கள் போன மறுநாள் அந்தக் கடன் தம்பியின் தலையில் ஏறும். பிறகு அம்மாவிடமிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் உங்களைத் திரும்பக் கூப்பிடும் அழைப்பாகவே இருக்கும்.

2. உடல்: ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

இதை இவ்வளவு முன்னால் வைத்ததற்குக் காரணம், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. அதன் மூன்று தவணைகள் முதல் நாள், ஒரு மாதம், ஆறாவது மாதம் என்று போகின்றன. கடைசி மாதத்தில் நினைத்துக்கொண்டால் முடியாது. அதோடு டைபாய்டு, டெட்டனஸ் ஊசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். நாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியையும் விசாரியுங்கள். அரசு மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கும் மலைக் கிராமங்கள் உண்டு.

பல்லைக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் மலையில் பல்வலி வந்தவர் சிரிப்பதில்லை.

ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளில் ஃபால்சிபாரம் மலேரியா உண்டு. மூளையைத் தாக்கும் வகை அது. மருந்து தோய்த்த கொசுவலைக்குள் தூங்குவது, காய்ச்சல் வந்த அன்றே ரத்தப் பரிசோதனை செய்வது ஆகிய இரண்டையும் இங்கேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிகளில் ‘ஆஷா’ எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களிடம் விரைவுப் பரிசோதனைக் கருவி இருக்கும். ‘நாளைக்குப் பார்க்கலாம், ஜெபித்துக்கொண்டு படுத்துவிடலாம்’ என்று சொல்பவரைப் பணித்தளத்துக்கு அனுப்பவே கூடாது என்பது என் கட்சி. ஜெபியுங்கள், ரத்தப் பரிசோதனையையும் செய்யுங்கள்.

3. இடம் தெரியாமல் மொழியைத் தொடங்காதீர்கள்

‘வடக்கே எங்கே போனாலும் இந்தி போதும் அண்ணே’ என்று யாராவது சொல்வார்கள். போதாது. குஜராத்தின் தாப்பி, டாங் மாவட்டங்களில் சந்தையில் பேசுவது குஜராத்தி. வீட்டில் காமித், குக்ணா போன்ற மொழிகள். தென் ஒடிசாவின் கஜபதி, ராயகடா பகுதிகளில் சந்தையில் ஒடியா; வீட்டில் சோரா, குயி. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளில் வெளியே இந்தி; அடுப்படியில் மால்டோ.

ஆக, நீங்கள் கற்க வேண்டியவை இரண்டு மொழிகள். சந்தை மொழி ஒன்று, வீட்டு மொழி ஒன்று. எந்த மாவட்டம் என்ற கடிதம் கையில் வந்த பிறகே தொடங்குங்கள். குஜராத்துக்குப் போகிறவர் இந்தியில் செலவிடும் ஆறு மாதத்தைக் குஜராத்தியில் செலவிட்டிருந்தால் இறங்கிய நாளிலேயே காய்கறி வாங்கியிருப்பார்.

சந்தை மொழியை இங்கேயே ஓரளவு தேற்றுங்கள். வீட்டு மொழியை அங்கே போய்த்தான் கற்க வேண்டும். அதை ஒலிப்பதிவு கேட்டு இங்கேயே கற்க முயன்றால் தப்பான உச்சரிப்பு நாக்கில் உறைந்துவிடும், பேசித் திருத்த ஆளிருக்காது. இங்கே செய்ய வேண்டியது, புத்தகமில்லாத மொழியைக் கற்கும் முறையைப் பழகிக்கொள்வது. அதை 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

பெரும்பாலோருக்கு இந்தி ஏதோ ஒரு வகையில் தேவைப்படும் என்பதால் கீழே உதாரணங்களை இந்தியிலிருந்து எடுக்கிறேன். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

4. முதல் ஆறு வாரம்: வாயை மூடிக் காதைத் திறங்கள்

எழுத்து வேண்டாம், இலக்கணம் வேண்டாம், பேச்சும் வேண்டாம். கேட்டுப் புரிந்துகொள்வது மட்டும். இதற்கு அந்த மொழி பேசும் ஒருவர் வேண்டும். செயலியோ காணொளியோ அந்த இடத்தை நிரப்பாது, ஏனென்றால் நீங்கள் தப்பாகச் சுட்டினால் அது முகம் சுளிக்காது.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்பவர்கள் சுற்றிப் பார்க்கவில்லை என்று பொருள். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் இருப்பதால் எல்லா மாநிலக் குடும்பங்களும் அங்குள்ள கடைகளுக்கு வந்து போகின்றன. (ஒலிப்பதிவுக் கருவியுடன் அந்த வாசல்களில் போய் நிற்காதீர்கள். உங்கள் ஊழியம் விசாரணை அறையில் தொடங்கிவிடும்.) கட்டட வேலை, உணவக வேலைக்கு வந்திருக்கும் ஒடியா, வங்காள, இந்தி பேசும் தொழிலாளர்களும் உண்டு. அவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு; ஆகவே அவர்களுடைய நேரத்துக்குக் கூலி கொடுங்கள். இனாமாகக் கேட்டால் இரண்டாவது வாரம் வரமாட்டார்.

அமர்வு இப்படி நடக்கட்டும். மேஜையில் பத்துப் பொருட்கள். சொம்பு, உப்பு, கயிறு, கத்தி, தீப்பெட்டி என்று வீட்டில் உள்ளவை. அவர் பெயர் சொல்வார், நீங்கள் தொட்டுக் காட்டுவீர்கள். முதலில் இரண்டு, பிறகு மூன்றாவது, இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பெயர்கள் பழகியதும் ‘எடு’, ‘வை’, ‘கொடு’, ‘அவரிடம் கொடு’ என்று ஏவல்கள். எழு, உட்கார், கதவைச் சாத்து. உடம்பு அசைந்தால் சொல் தங்கும். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேர அமர்வு இரண்டு போதும். மூன்றாவது அமர்வில் காது அடைத்துக்கொள்ளும்.

அமர்வைப் பதிவுசெய்து இரவில் மறுபடி கேளுங்கள். இந்தக் கரையில் ஒரு தொல்லை உண்டு, காற்று. கடலோரத் திண்ணையில் வைத்துப் பதிவுசெய்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அறைக்குள் உட்காருங்கள், கைபேசியின் ஒலிவாங்கி மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போடுங்கள்.

இங்கே எல்லோரும் இடறுவது பொறுமையின்மையில். பத்தாம் நாளே ‘பிரபு யேசு ஆப்கோ பியார் கர்த்தே ஹைன்’ (ஆண்டவர் இயேசு உங்களை நேசிக்கிறார்) என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து சொல்லிப் பார்ப்பார்கள். கேட்டவர் மகிழ்ந்து பதில் சொல்வார். அந்தப் பதில் ஒரு சொல்லும் புரியாது. பதில் புரியாத வாக்கியத்தைச் சொல்லாதீர்கள்.

5. ஒலி: நம் நாக்கு எங்கே மாட்டிக்கொள்கிறது

தமிழில் க, ச, ட, த, ப என்ற ஐந்து வல்லின எழுத்துகள் செய்யும் வேலைக்கு இந்தியில் இருபது எழுத்துகள் இருக்கின்றன. சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் என்ற மூன்றுக்கும் தமிழில் எழுதினால் ‘கானா’தான். அங்கே மூன்றும் வேறு ஒலிகள். சாப்பாடு கேட்கப் போய்ப் பாட்டுக் கேட்டால் சிரித்துவிட்டு விடுவார்கள். எல்லா இடத்திலும் அப்படி விடமாட்டார்கள்.

சரிசெய்ய இரண்டு சோதனைகள். தொண்டைக் குழியில் விரலை வையுங்கள். ‘கடல்’ என்பதன் க-வில் அதிர்வு இல்லை, ‘தங்கம்’ என்பதன் க-வில் அதிர்வு உண்டு. இந்த இரண்டாவது க-வைச் சொல்லின் முதலிலேயே சொல்லப் பழக வேண்டும். அடுத்து உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். மூச்சு பலமாக மோதினால் அது மூச்சொலி, மோதாவிட்டால் சாதாரண ஒலி. அதிர்வும் மூச்சும் சேர்ந்து வரும் வகைதான் கடைசியாக வரும். அதற்கு மாதங்கள் ஆகலாம், கவலை வேண்டாம்.

இன்னொன்று, சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டும் நம் வழக்கம். ‘பஸ்ஸு’ என்று இழுப்போம். இந்தியில் மெய்யில் நின்றுவிட வேண்டும். ஒடியாவுக்குப் போகிறவர்கள் இதை நேரெதிராகச் செய்ய வேண்டும். அங்கே பெரும்பாலான சொற்கள் உயிரில்தான் முடியும், அதுவும் நம் அகரம் போலன்றி ஒகரச் சாயலில்.

நமக்குச் சாதகமாக இருப்பதையும் சொல்லவேண்டும். ‘வாடை’ என்னும்போது நாவு மடங்கித் தட்டும் அந்த ட பல வட மொழிகளில் உண்டு. வெளிநாட்டவர் திணறும் இடத்தில் நமக்குத் தாய்ப்பால். மூக்கொலி உயிர்களும் அப்படியே. ‘மரம்’, ‘அவன்’ என்பவற்றை வீட்டில் எப்படி முடிக்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள், கடைசி மெய் மூக்கில் கரைந்திருக்கும்.

6. எழுத்து ஏழாவது வாரத்தில், தமிழில் எழுதவே வேண்டாம்

இது கண்டிப்பான விதி. புதிய சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்காதீர்கள். இந்த வழிகாட்டியே தமிழெழுத்தில் இந்திச் சொற்களைத் தருகிறது என்பது உண்மைதான். படிப்பதற்கு அது சரி, கற்பதற்குச் சரியில்லை. ஒரு மாதம் பாடுபட்டுக் காது பிரித்தறிந்த நான்கு ஒலிகளையும் ‘க’ என்று எழுதிய கணத்தில் கண் மறுபடி ஒன்றாக்கிவிடும். அதன்பின் காதைவிடக் கண்ணைத்தான் நம்புவீர்கள்.

காது தேறிய பிறகு எழுத்து எளிது. தேவநாகரிக்கு மூன்று வாரம் போதும். குஜராத்தி அதே குடும்பம், மேல்கோடு இல்லை. ஒடியாவின் வட்டங்கள் முதலில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கடைப் பலகை, பேருந்துப் பலகைப் படங்களைச் சேர்த்துப் படித்தால் பிரியும்.

தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் தேர்வுகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கின்றன. வாசிப்புக்கும் எழுத்துக்கும் நல்ல ஒழுங்கு தரும், எழுதுங்கள். ஆனால் சான்றிதழைப் பேச்சுத் திறனாக எண்ணாதீர்கள். அந்தச் சபாவின் உயர்நிலைத் தேர்வான விசாரத் வரை முடித்தவர் ரயில் நிலையச் சாளரத்தில் ‘எந்த நடைமேடை?’ என்று கேட்க முடியாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

7. இலக்கணம்: எதை முதலில், எதைப் பிறகு

நம்மோடு ஒத்துப்போவதில் தொடங்குங்கள். வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டுவது இரண்டும் தமிழைப் போலத்தான். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு ‘முஜே பூக் லகீ ஹை’, அதே ‘எனக்கு’. ‘போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று நாம் வினைகளைக் கோப்பதுபோலவே அவர்களும் கோப்பார்கள். ‘டீ கீ’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘சாய் வாய்’ என்பார்கள். தமிழில் நினைத்து அப்படியே அடுக்கினால் பாதி வாக்கியம் சரியாக வந்துவிடும். பள்ளியில் ஆங்கிலம் வழியாக இந்தி கற்றவர்கள்தான் வாக்கியத்தை இருமுறை கவிழ்த்துப் போடுகிறார்கள்.

ஒத்துப்போகாதது பால். மேஜைக்கும் ரொட்டிக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ‘அச்சா’ அல்லது ‘அச்சீ’ (‘நல்ல’ என்பதன் ஆண்பால், பெண்பால் வடிவங்கள்) சேர்த்தே மனதில் போடுங்கள். தனியாகக் கற்றால் பால் ஒட்டாது. ஈகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்ற விதி பெரும்பாலும் பலிக்கும். ஆனால் தினமும் வாயில் வரும் பானீ, கீ, தஹீ, அதாவது தண்ணீர், நெய், தயிர் மூன்றும் ஆண்பால்.

இறந்தகாலத்தில் வரும் ‘நே’ என்ற உருபைத் தள்ளிவையுங்கள். ‘நான் ரொட்டி சாப்பிட்டேன்’ என்றால் வினை ரொட்டியின் பாலை ஏற்கும். தமிழில் இதற்கு ஈடே இல்லை. முதல் மாதத்திலேயே இதைப் புகட்டும் ஆசிரியர்களால் பலர் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். நான்காம் மாதத்தில் தொடுங்கள்.

குஜராத்திக்குப் போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு இந்தியில் இல்லை. குஜராத்தியில் ஆபணே, அமே என்று இருக்கிறது. மால்டோவும் திராவிடக் குடும்பம், அங்கும் உண்டு. கேட்பவரைச் சேர்க்கிறோமா விலக்குகிறோமா என்று தெரியாமல் பிறமொழிக்காரர்கள் திண்டாடும் இடத்தில் தமிழர் தயங்கவேண்டியதில்லை.

எண்கள் தனி வேலை. இந்தியில் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனிச்சொல். பாம்பன், ராமேஸ்வரம் மீன் ஏலத்தில் போய் நில்லுங்கள். ஏலம் கூறுபவர் தமிழில் சொல்லும் ஒவ்வொரு தொகையையும் மனதுக்குள் இந்தியில் சொல்லுங்கள். அவருடைய வேகத்தைப் பிடித்துவிட்டால் வடக்கே எந்தச் சந்தையிலும் ஏமாறமாட்டீர்கள்.

8. ராமேஸ்வரம் தீவு: கைக்கெட்டிய மொழிக்களம்

தமிழ்நாட்டில் இந்தி கேட்க ராமேஸ்வரத்தைப்போல் வாய்ப்பான ஊர் எனக்குத் தெரிந்து வேறில்லை. வருடம் முழுவதும் வட மாநில யாத்ரீகர்கள். இந்தி, குஜராத்தி, மராத்தி, வங்காளம், ஒடியா என்று அக்னி தீர்த்தக் கரையில் காலைநேரத்தில் நடந்தாலே காதில் விழும். தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் இதைத் தினமும் கடந்துபோய்விட்டு, மொழி கற்க டெல்லிக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள்.

முறை இது: ஐந்து வாக்கியம், இருபது பேர். ‘எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? ரயில் எத்தனை நாள்? குழந்தைகள் எத்தனை பேர்? அங்கே இப்போது மழையா, குளிரா? மெதுவாகச் சொல்லுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன்.’ இதே ஐந்தை ஒரே நாளில் இருபது பேரிடம் கேளுங்கள். இருபது வாக்கியங்களை ஒருவரிடம் கொட்டுவதில் பயனில்லை. ஒரே கேள்விக்கு இருபது விதமாகப் பதில் வரும்போதுதான் காது அகலும். ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும் வயதான தம்பதியரிடம் தொடங்குங்கள். அவர்களுக்கு நேரம் இருக்கும், பேரன்வயதுப் பிள்ளையிடம் பேசப் பிடிக்கும். மாதாஜி, பாபுஜி என்று கூப்பிடுங்கள். ‘நீங்கள்’ என்று மரியாதையாக அழைக்கும் ‘ஆப்’ மட்டுமே பயன்படுத்துங்கள். பெண்கள் இருவராகப் போய்ப் பெண்களிடமும் குடும்பங்களிடமும் பேசுவது நல்லது.

சில எல்லைகள் உண்டு. கோயில் வளாகத்துக்குள் பயிற்சி வேண்டாம். கைப்பிரதி கொடுக்காதீர்கள், மதப்பேச்சு எடுக்காதீர்கள். அவர்கள் நேர்த்திக்கடனுக்கு வந்திருக்கிறார்கள், நீங்கள் மாணவராக வந்திருக்கிறீர்கள். வழிகாட்டி வேலையும் பார்க்காதீர்கள். அது இன்னொருவருடைய பிழைப்பு.

தீவின் ஆட்டோ ஓட்டுநர்களும் சங்குக் கடைக்காரர்களும் புத்தகமே தொடாமல் காதால் இந்தி கற்றவர்கள். அவர்களிடம் துணிச்சலைக் கற்றுக்கொள்ளுங்கள். பாலை மட்டும் கற்காதீர்கள். அவர்கள் இந்தியில் உலகமே ஆண்பால்.

புத்தகமில்லாத வீட்டு மொழிக்கான ஒத்திகையையும் இங்கேயே செய்யலாம். உங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாத மொழி பேசும் ஒருவருடன் இரண்டு வாரம் உட்காருங்கள். ‘இது என்ன?’, ‘இவர் என்ன செய்கிறார்?’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அவர் மொழியில் கற்றுக்கொண்டு மற்றதை அவற்றாலேயே தோண்டுங்கள். அனுமதி கேட்டுப் பதிவுசெய்யுங்கள், சொற்களைத் தேவநாகரியில் எழுதுங்கள், மறுநாள் அதே சொல்லை வேறொருவரிடம் சொல்லிச் சரிபாருங்கள். இந்தச் சரிபார்ப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விரலால் கிண்ணத்தைச் சுட்டினால் சிலர் ‘கிண்ணம்’ என்பார்கள், சிலர் ‘விரல்’ என்பார்கள், சிலர் ‘காலி’ என்பார்கள்.

9. கதைகளைத் தேர்ந்தெடுத்தல்

பிரசங்கம் தயாரிக்க வேண்டாம், ஐந்து கதைகளைத் தயாரியுங்கள். முதலில் சபைத்தமிழ் இல்லாத பேச்சுத்தமிழில். கிருபை, இரட்சிப்பு, மீட்பு என்ற சொற்கள் எதுவும் இன்றி லூக்கா 15ஆம் அதிகாரத்து இளைய மகன் கதையைக் தேவாலயத்துக்கே வராத ஒரு பக்கத்துவீட்டுப் பாட்டியிடம் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொன்னால் கதை தயார். தமிழிலேயே சொல்ல முடியாததை வேறு மொழியில் சொல்ல முடியாது.

கடற்கரைப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிழை இருக்கிறது. எல்லோரும் பேதுருவின் வலையையும் புயலில் படகையும்தான் எடுப்பார்கள், ஏனென்றால் அதை உயிரோட்டமாகச் சொல்ல வரும். கேட்பவரோ கடலைப் பார்த்ததில்லை. விதைக்கிறவன், காணாமற்போன ஆடு, கிணற்றடியில் பேசிய பெண் என்று நிலத்துக் கதைகளில் தொடங்குங்கள்.

10. மண் வேலை, அடுப்பு, குளிர்

விதைக்கிறவன் கதையைச் சொல்ல விதைத்துப் பார்த்திருக்க வேண்டும். பணித்தளங்களில் பெரும்பாலோர் மானாவாரி விவசாயிகள், ஆடு மாடு வைத்திருப்பவர்கள். நம் பிள்ளைக்கு நீவாடு (கடல் நீரோட்டம்) பார்க்கத் தெரியும், களை எது பயிர் எது என்று தெரியாது. ஆகவே புரட்டாசி விதைப்பின்போது முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் சில வாரம் தங்குங்கள். தை அறுப்புக்கு மறுபடி போங்கள், முண்டு மிளகாய் பறிப்பு இருந்தால் அதற்கும். வயலில் கைகொடுக்கத் தெரிந்தவரிடம்தான் கிராமத்தார் வாய்திறந்து பேசுவார்கள். மொழிப்படிப்பின் பாதி அங்கே நடக்கிறது.

ரொட்டி தட்டவும் பருப்பு வைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். தினமும் மீன் தின்ற வாய்க்கு மீனில்லாத வாரங்கள் கடினம். ஒரு மாதம் வீட்டிலேயே அப்படிச் சாப்பிட்டுப் பழகுங்கள். குளிர் ஆடையை இங்கே வாங்காதீர்கள், நல்லதாகக் கிடைக்காது. அங்கே போய் நவம்பருக்கு முன் வாங்குங்கள்.

11. சட்டம்: தெரியாமல் போகவே கூடாது

அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை வகுத்தது. தன் மதக் கருத்துகளை எடுத்துச் சொல்வது உரிமை. இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமையல்ல. ஒடிசாவில் 1967இலிருந்தும், குஜராத்தில் 2003இலிருந்தும், ஜார்க்கண்டில் 2017இலிருந்தும் மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் 2021இல் புதிய சட்டங்கள் வந்தன. வற்புறுத்தல், ஆசைகாட்டல், ஏமாற்று ஆகியவற்றால் மதம் மாற்றுவதை இவை குற்றமாக்குகின்றன.

நடைமுறையில் இதன் பொருள்: மருந்து, துணி, பணம் எதையும் ஜெபக்கூட்டத்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குழந்தைகளைக் கூட்டாதீர்கள். யாருடைய சாமியையும் பழித்துப் பேசாதீர்கள். பழிப்பது சட்டப்படி மட்டுமல்ல, எந்த வகையிலும் தவறு. போகும் மாநிலத்தின் சட்ட வாசகத்தை ஒரு வழக்கறிஞருடன் உட்கார்ந்து வரிக்குவரி படியுங்கள். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் என்றால் உள்நுழைவு அனுமதிச் சீட்டும் வேண்டும்.

12. காகிதம், பணம், பயணம்

ஆதார், பான், வங்கிப் புத்தகம், கல்விச் சான்றுகள், திருமுழுக்குச் சான்று, அனுப்பும் சபையின் கடிதம். தமிழில் மட்டும் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை நோட்டரியிடம் உறுதிசெய்து வாங்குங்கள். மூலப்படிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த கைபேசி எண்ணை மாற்றாதீர்கள். அங்கே போய் அதைச் சரிசெய்ய ஊருக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

தாங்கும் ஜெபக்குழுக்களுக்கு மாதக் கடிதம் எழுதும் பழக்கத்தை இங்கேயே தொடங்குங்கள். ஒரு பக்கம் போதும். பணித்தளத்து மக்களின் பெயர், முகம், ஊர் எதையும் அதில் போடாதீர்கள். கடிதம் எந்தக் கைபேசிக்குப் போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது.

ராமேஸ்வரத்திலிருந்து புவனேஸ்வருக்கும், சூரத் வழியாக ஓகாவுக்கும் வாராந்திர நேரடி ரயில்கள் இருக்கின்றன. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். கருவாட்டை ரயிலில் கொண்டுபோகாதீர்கள். அடுத்த படுக்கைக்காரர் உங்கள் முதல் எதிரியாகிவிடுவார். சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டி கெடாது, நாறாது, எந்தச் சாதி எந்த மதத்து வீட்டிலும் வாங்கிக்கொள்வார்கள். ஐந்து கிலோ கட்டிக்கொள்ளுங்கள்.

13. இறங்கிய முதல் மாதம்

முதல் வாரம் மூத்த ஊழியருடன் போய் ஊர்த்தலைவரையும் காவல் நிலையத்தையும் பாருங்கள். தங்கும் விவரத்தை எழுத்தில் கொடுத்துக் கையொப்பமிட்ட நகலை வாங்கிவையுங்கள்.

தமிழர்கள் சேர்ந்து தங்கும் வீட்டில் குடியேறாதீர்கள். சோறும் ரசமும் கிடைக்கும், மொழி வராது. உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையோ திண்ணையோ போதும். நான்காம் பகுதியின் பத்துப் பொருள் பயிற்சியை வீட்டு மொழியில் முதலிலிருந்து தொடங்குங்கள், இம்முறை அந்த வீட்டுக் குழந்தைகளுடன். குழந்தைகள் சலிக்காமல் திருத்துவார்கள். அவர்களிடம் கற்றதைப் பெரியவர்களிடம் சரிபாருங்கள், இல்லாவிட்டால் மழலையில் பேசுவீர்கள்.

ஊருக்குத் தினமும் போன் செய்யாதீர்கள். வாரம் இருமுறை, நேரம் குறித்து. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது டிக்கெட் பார்க்கத் தொடங்குவீர்கள். முதல் வருடம் பார்க்காதீர்கள். மூன்று நான்கு மாதத்தில் வாய் திறக்கத் தொடங்கியிருக்கும் மொழி, ஊரில் கழித்த ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். விடுமுறையை மே மாதத்துக்குக் கேளுங்கள். தடைக்காலமாக இருக்கும், வீட்டில் எல்லோரும் கரையில் இருப்பார்கள்.